பார்த்தது யார்?

எங்கள் மண்கும்பான் ஊரிலே, பிள்ளையார் கோவில் திருவிழாக் காலத்தில், இராப்பூசை முடிந்த பின்னர் வெளிவீதியின் வெண்மணலில் அமர்ந்திருக்கும் அடியார்களுக்கு யாரேனும் ஒருவர் அரைமணி நேரம் சமயப் பிரசங்கம் செய்வதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாட் பிரசங்கம் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. நான் கல்லூரியொன்றிலே பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியன். ஆதலின், விஞ்ஞானத்தையும் சமயத்தையும் இணைத்துப் பேசினால் இளைஞருக்குப் பயன்படும் என எண்ணினேன். "பார்ப்பவன் ஒருவன் பார்ப்பதனாலேயே அணு ஒரு நிலையை அடைகின்றது என இக்காலப் பௌதிகம் பரிசோதனையால் நிறுவிவிட்டது. பார்ப்பவன் இல்லையேல் உலகமும் இல்லை. எங்கள் முன்னோர் ஞானத்தாற் கண்டதை மேனாட்டார் இன்று கருவியாற் காண்கின்றனர்" என்று முழங்கினேன். சபையிலே மகிழ்ச்சி ஆரவாரம் எழுந்தது. அன்றிரவு பெருமிதத்துடனேயே உறங்கினேன்.

மறுநாள் மாலை, உயர்தர வகுப்பிலே என்னிடம் பௌதிகம் கற்கும் மாணவி ஒருத்தி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கையிலே கொப்பியும் பேனையும் இருந்தன.

"சேர், நீங்கள் நேற்றுச் சொன்ன பரிசோதனையை ஒருக்கால் விளங்கப்படுத்துவீங்களோ? அண்ணா இப்ப கோவிலுக்கு வாறதில்லை. அங்கை சொல்லுறதெல்லாம் ஆதாரமில்லாத கதை எண்டு சொல்லுறார். அவருக்கு இதைக் காட்டவேணும்" என்றாள்.

மகிழ்ச்சியுடன் விளக்கத் தொடங்கினேன். சிறிது நேரம் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கேட்டாள்:

"அதிலை பார்த்தது ஆர், சேர்?"

"விஞ்ஞானிதான், பிள்ளை."

"அவர் கண்ணாலையோ பார்த்தவர்? கருவிதானே பதிஞ்சது? கருவிக்கு உணர்வு இருக்கோ?"

எனக்கு விடை தெரியவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பௌதிகம் கற்பிக்கும் நான், எங்கோ வாசித்ததையும் யாரோ சொன்னதையும் ஆராயாமல், தெய்வ சந்நிதியிலே நின்று விஞ்ஞானத்தின் பெயராற் சொல்லிவிட்டேன் என்பது அப்பொழுதே உறைத்தது. "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று அவளை அனுப்பினேன். அதன்பின் படித்தறிந்ததை அவளுக்குச் சொன்னவாறே இங்கு வாசகர்களுக்கும் கூறுகின்றேன்.

சொட்டுச் சொட்டான சத்தி

ஒளியும் வெப்பமும் இடையறாத நீரோட்டம் போல் வருவன என்றே முன்னர் யாவரும் கருதியிருந்தனர். 1900ஆம் ஆண்டிலே ஜேர்மனிய அறிஞர் மக்ஸ் பிளாங்க், அவை சிறுசிறு அளவுகளாகவே கொடுக்கவும் கொள்ளவும் படுகின்றன எனக் கொண்டாலன்றிச் சில அளவீடுகளுக்குக் கணக்கு ஒத்துவராது என்று கண்டார். அவ்வளவையே குவாண்டம் என்பர். எங்கள் நாட்டுப் பாடநூல்கள் அதனைச் சத்திச்சொட்டு என மொழிபெயர்த்தன. முகட்டோட்டிலிருந்து மழைநீர் சொட்டுவதைக் கண்டவர்களுக்கு இச்சொல்லின் அழகு புலப்படும்.

1926ஆம் ஆண்டிலே வியன்னா நகரில் பிறந்த எர்வின் சுரோடிங்கர், இலத்திரன் முதலிய நுண்பொருள்களின் நடத்தையை ஓர் அலைச் சமன்பாட்டினால் எழுதிக் காட்டினார். அச்சமன்பாடு நமக்குத் தருவது, இலத்திரன் இன்ன இடத்தில் இருக்கின்றது என்ற செய்தியன்று. இன்ன இடத்தில் அகப்படுவதற்கு இவ்வளவு நேர்தகவு உண்டு என்ற செய்தியே. அளந்து பார்த்தால் ஏதேனும் ஓரிடத்தில் அது முழுமையாக அகப்படும். அளக்குமுன் பலவழிகளும் ஒருங்கே கலந்த நிலை. அளந்தபின் ஒரேயொரு நிலை. இரண்டு நுண்ணிய பிளவுகளை நோக்கி இலத்திரன்களை ஒவ்வொன்றாக அனுப்பினால், காலப்போக்கில் எதிர்த்திரையிலே அலைகளுக்குரிய வரிவரியான கோலம் தோன்றுகின்றது. எந்தப் பிளவினால் ஒவ்வொன்றும் சென்றது என அறியும் ஏற்பாடு ஒன்றை வைத்தாலோ அக்கோலம் மறைந்துவிடுகின்றது. இவை ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டவை.

இக்கணிதத்துக்கும் எங்கள் மண்ணுக்கும் தொடர்பில்லை என எண்ணற்க. 1918ஆம் ஆண்டிற் பிறந்து, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் கற்ற கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே, இவ்வியலை வகுத்த பெரியாருள் ஒருவரான போல் டிராக்கிடம் ஆராய்ச்சி செய்தவர். பின்னர் இலங்கையிலும் மலாயாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கணிதப் பேராசிரியராக விளங்கினார். டிராக் என்பவரோ தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசாதவர் எனப் பெயர்பெற்றவர். அந்தச் சிக்கனம் நான் பிரசங்கம் செய்த இரவில் என்னிடம் இருந்திருக்குமானால், இக்கட்டுரைக்கு வேலை இருந்திராது.

ஒரு சொல் செய்த மயக்கம்

மயக்கமெல்லாம் "பார்த்தல்" என்னும் ஒரு சொல்லிலிருந்தே பிறந்தது. விஞ்ஞானிகள் அளத்தலையும் பதிதலையும் பார்த்தல் என்றே வழங்கினர். அச்சொல்லைக் கேட்ட நாம், பார்க்கின்ற மனிதனையும் அவன் மனத்தையும் உடன் சேர்த்துக்கொண்டோம்.

இதற்கு அறிஞர்களும் ஓரளவு பொறுப்பாளிகளே. 1932ஆம் ஆண்டில் ஜோன் வொன் நொய்மன் சத்திச்சொட்டுப் பொறியியலுக்குத் திட்பமான கணித அடித்தளம் அமைத்தார். அணுவைக் கருவி அளக்கின்றது. கருவியைக் கண் காண்கின்றது. கண்ணின் செய்தியை மூளை பெறுகின்றது. இச்சங்கிலியிலே "அளவை நிகழ்ந்துவிட்டது" என்று எந்த இடத்திற் கோடு கிழித்தாலும் கணக்கு மாறாது என அவர் காட்டினார். அவ்வாறாயின் கோட்டைச் சங்கிலியின் கடைசியிலே, உணர்விலேயே கிழித்தால் என்ன என்று சிலர் எண்ணத் தலைப்பட்டனர். 1961ஆம் ஆண்டிலே யூஜின் விக்னர், பார்ப்பவரின் உணர்வே பல நிலைகளை ஒன்றாக்குகின்றது என வெளிப்படையாகவே எழுதினார். இரண்டாண்டுகளின் பின் நோபெல் பரிசு பெற்ற பேரறிஞர் அவர். நான் பிரசங்கத்திலே முழங்கியது அவருடைய கருத்தின் நிழலையே. ஆனால் அதே விக்னர் பிற்காலத்தில் அக்கருத்தைக் கைவிட்டார் என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

சுதர்சன் எழுப்பிய கேள்வி

"பார்ப்பதனால் அணுவை நிறுத்தலாம்" என்னும் செய்தியின் மூலத்தைத் தேடியபொழுது, அது நமக்கு அணித்தான ஒருவரிடம் என்னைக் கொண்டுசென்றது. 1931ஆம் ஆண்டிலே கேரளத்துக் கோட்டயம் பகுதியிற் பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்காவிலே தெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியராய் விளங்கியவர் ஜோர்ஜ் சுதர்சன். 1980களில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். 2018ஆம் ஆண்டில் மறைந்தார். கிறித்தவக் குடும்பத்திற் பிறந்த அவர் வேதாந்தத்திலே ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர்.

1977ஆம் ஆண்டிலே சுதர்சனும் வைத்தியநாத் மிஸ்ரா என்னும் அறிஞரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சிதையக்கூடிய ஒரு நுண்பொருளை, அது சிதைந்துவிட்டதா என்று இடைவிடாது அளந்துகொண்டேயிருந்தால், அது சிதையவே மாட்டாது என்பது அதன் முடிபு. பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் ஓரிடத்தில் நிற்கின்றதாதலின் அது பறக்கவே இல்லை என வாதிட்ட பழைய கிரேக்க ஞானி சீனோவின் பெயரையே அவர்கள் இதற்குச் சூட்டினர்.

இஃது எங்ஙனம் இயலும்? முற்றத்திலே ஒரு குழந்தை, திண்ணையிலிருந்து படலையை நோக்கி நகர்கின்றது. தொடக்கத்தில் மிக மெல்லத் தவழும். போகப்போகவே வேகம் பிடிக்கும். திண்ணையில் இருக்கும் ஆச்சி, "எங்கை போறாய்?" என்று ஒரு குரல் கொடுத்தால், திண்ணையருகில் நிற்கும் குழந்தை பெரும்பாலும் திண்ணைக்கே திரும்பிவிடும், மீண்டும் முதலிலிருந்தே புறப்பட வேண்டும். ஆச்சி அடிக்கடி கூப்பிட்டுக்கொண்டிருந்தால் குழந்தை படலையை அடைவது அரிதிலும் அரிதாகும். அணுவின் கணக்கும் இத்தகையதே. தொடக்கத்தில் நிலைமாறும் நேர்தகவு காலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கின்றது. இடைவேளையைப் பாதியாக்கினால் ஒவ்வோர் இடைவேளையிலும் மாறும் நேர்தகவு காற்பங்காகின்றது. இடைவேளைகளின் தொகை இருமடங்காகின்றது. ஆக மொத்தத்திற் பாதி குறைகின்றது. அளவைகளைப் பெருக்கப் பெருக்க மாற்றம் தேய்ந்துகொண்டே போகும்.

ஆச்சிக்குப் பதிலாகத் திண்ணையிலே ஒரு கூண்டைத் தொங்கவிட்டு, "எங்கை போறாய்?" என்று சொல்லப் பழக்கிய கிளியொன்றை அதில் வைத்தால் என்ன நிகழும்? குழந்தை அப்பொழுதும் திரும்பும். கிளிக்குத் தான் சொல்வதன் பொருள் தெரியவேண்டியதில்லை; குழந்தையைக் காணவும் வேண்டியதில்லை. குரல் ஒலித்தாற் போதும். மாணவி என்னைக் கேட்ட கேள்வியின் சாரம் இதுவே: பரிசோதனையிலே குழந்தையைத் திருப்பியது ஆச்சியா, கிளியா?

ஐயாயிரம் அயன்களும் ஓர் ஒளிக்கதிரும்

இதற்கு விடை அமெரிக்காவிலே கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் உள்ள தேசிய நியம ஆய்வுகூடத்திற் கிடைத்தது. இட்டானோ, வைன்லாந்து முதலிய நால்வர் செய்த அப்பரிசோதனை 1990ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 5000 பெரிலிய அயன்களை மின்காந்தப் பொறியிலே மிதக்கவிட்டுக் கடுங்குளிரில் வைத்தனர். அவை யாவும் கீழ்ச் சத்திநிலையில் இருந்தன. குறித்த வானொலி அலையை 256 மில்லிசெக்கன் நேரம், அதாவது கால் செக்கனுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலுத்தினால், அவை யாவும் மேல்நிலைக்கு ஏறிவிடும். இடையிடையே, 2.4 மில்லிசெக்கன் மட்டுமே நீடிக்கும் புறவூதா லேசர் ஒளித்துடிப்புகளை அவற்றின்மீது பாய்ச்சினர். கீழ்நிலையில் உள்ள அயன் அவ்வொளியைச் சிதறடிக்கும்; மேல்நிலையில் உள்ளது சிதறடியாது. ஆகவே ஒவ்வொரு துடிப்பும் "நீ எங்கே நிற்கின்றாய்?" என்னும் ஒரு வினாவே.

கணக்கு இவ்வாறு சொல்கின்றது. இறுதியில் ஒரே துடிப்பாயின் 100 வீதமும் மேலேறியிருக்கும். அதே கால அளவுக்குள் 2 துடிப்பாயின் 50 வீதம். 4 ஆயின் 37.5 வீதம், 8 ஆயின் ஏறத்தாழ 23.5, 16 ஆயின் 13, 32 ஆயின் 7, 64 ஆயின் 4 வீதத்துக்கும் குறைவு. பரிசோதனையின் முடிபுகள் இக்கணக்கோடு நன்கு ஒத்துவந்தன. உயர்தர வகுப்பு மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். 180 பாகையைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து, வரும் கோணத்தின் கோசைனைக் கண்டு, அதனை அந்த எண்ணிக்கையின் அடுக்குக்கு உயர்த்தி, 1இலிருந்து கழித்துப் பாதியாக்க வேண்டும். ஒரு மாலைப்பொழுதில், எந்த மேடைப் பேச்சையும் நம்பாமல், நீங்களே சுதர்சனின் முடிபை அடைந்துவிடலாம்.

சுதர்சன் சொன்னது உண்மையாயிற்று, அணு நின்றது. ஆனால் நிறுத்தியது எது? ஒளித்துடிப்பு. மனிதன் ஒருமுறை கண்ணிமைக்க எடுக்கும் நேரத்துக்குள் அத்தகைய பல துடிப்புகள் வந்து போய்விடும். எவருடைய கண்ணும் எவருடைய மனமும் அந்த இடைவேளைகளுக்குள் நுழைந்து அயன்களைப் பார்க்கவில்லை. குழந்தையைத் திருப்பியது கிளியே. வேதாந்தத்தில் தோய்ந்தவரான சுதர்சனின் கட்டுரையிலும், மனம் என்பதற்குக் கணிதத்தில் ஓரிடமும் இல்லை.

இன்னுமொன்று கூறவேண்டும். 2001ஆம் ஆண்டிலே தெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் ரைசன் குழுவினர், குளிரூட்டிய சோடிய அணுக்களைக் கொண்டு செய்த பரிசோதனையில், அடிக்கடி அளப்பதனாற் சிதைவு தாமதமாவதையும், அளக்கும் இடைவேளையை வேறுவிதமாக அமைத்தால் அதே சிதைவு விரைவுபடுவதையும் கண்டனர். மனவொருமையின் ஆற்றலே அணுவை நிறுத்துகின்றது என்போர், அதே பார்வை வேறு நேரங்களில் அணுவை விரட்டுவது ஏன் என்பதற்கும் விடைகூற வேண்டும். கணிதத்துக்கோ இரண்டும் ஒரே கணக்கே.

யாரும் பாராத இடத்திலே

கருவிகூட இல்லாத இடத்தில் என்ன நிகழும்? இதற்கும் விடை உண்டு. 1999ஆம் ஆண்டிலே வியன்னாவில் அன்ரன் சைலிங்கர் குழுவினர், 60 காபன் அணுக்கள் பந்துபோல் அமைந்த மூலக்கூறுகளுக்கும் அலைக்கோலம் உண்டு எனக் காட்டினர். பின்னர் 2004ஆம் ஆண்டில், 70 காபன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை நன்கு சூடாக்கி அனுப்பிப் பார்த்தனர். சூடேறிய இரும்பு செந்நிறம் வீசுவதுபோல, அம்மூலக்கூறுகள் வழியிலேயே தம் வெப்பத்தை ஒளியாக உமிழ்ந்தன. சூடு கூடக்கூட அலைக்கோலம் மங்கியது, முடிவில் மறைந்தது.

இங்கே எவரும் பார்க்கவில்லை. எந்தக் கருவியும் வழியை வினவவில்லை. தான் எவ்வழி செல்கின்றது என்னும் செய்தியை மூலக்கூறே ஒளியாகச் சுற்றுப்புறத்துக்குச் சிந்திவிட்டது, அதுவே போதுமாயிற்று. கடற்கரை மணலில் நடப்பவனை ஒருவரும் காணாவிடினும் அவனது அடிச்சுவடு பதிந்துவிடுகின்றதன்றோ? அதனைப் போன்றதே இது. எங்கள் கண்ணுக்குத் தெரியும் பெரும்பொருள்கள் காற்றோடும் ஒளியோடும் வெப்பத்தோடும் கணந்தோறும் மோதித் தம் சுவடுகளைப் பதித்துக்கொண்டேயிருக்கின்றன. அதனாலேயே பனைமரம் ஓரிடத்திலும் கிணறு ஓரிடத்திலும் நிலையாகத் தோன்றுகின்றன, நாம் பார்ப்பதனாலன்று.

பல வழிகளிலிருந்து ஒன்று மட்டும் ஏன் நமக்குக் கிட்டுகின்றது என்னும் வினாவுக்கு அறிஞர் இன்றும் ஒருமித்த விடை காணவில்லை. ஆயினும் அவ்விடை மனித மனத்திலேயே இருக்கவேண்டும் என எந்தப் பரிசோதனையும் வற்புறுத்தவில்லை.

இது கேட்டு, "அப்படியானால் உபநிடதங்களைப் போற்றிய சுரோடிங்கரின் நிலை யாது?" எனச் சிலர் வினவலாம். அவர் வேதாந்தத்தை வாழ்நாள் முழுதும் நேசித்தவர் என்பது மெய்யே. ஆயினும் 1951ஆம் ஆண்டிலே வெளிவந்த விஞ்ஞானமும் மானிடமும் பற்றிய தமது சிறுநூலில், அணுப் பரிசோதனைகள் காண்பானுக்கும் காட்சிப்பொருளுக்கும் இடையிலான சுவரை இடித்துவிட்டன என்னும் பேச்சை அவர் ஏற்கவில்லை. கருவிக்கும் அணுவுக்கும் இடையில் நிகழ்வது இரண்டு சடப்பொருள்களின் தாக்கமே; காண்பான் என்னும் பெயரை உணரும் மனத்துக்கே ஒதுக்கவேண்டும் என்பது அவர் கருத்து. உபநிடதத்தை உண்மையாக நேசித்தவர், அதற்குப் பொய்ச்சாட்சி தேடவில்லை.

மூளையினுள்ளே?

வேறொரு வழியால் உணர்வையும் சத்திச்சொட்டையும் இணைப்போரும் உளர். 2020ஆம் ஆண்டில் கருந்துளை ஆராய்ச்சிக்காக நோபெல் பரிசு பெற்ற ரொஜர் பென்றோஸ், 1989ஆம் ஆண்டிலேயே, மனித அறிவு கணினியின் கணிப்பு அன்று என வாதிட்டார். பின்னர் மயக்கமருந்து வைத்தியர் ஸ்ருவாட் ஹமரொவ் என்பவருடன் சேர்ந்து, நரம்புக் கலங்களின் நுண்குழாய்களிலே நிகழும் சத்திச்சொட்டு நிகழ்ச்சியிலிருந்தே உணர்வு பிறக்கின்றது என்னும் கருதுகோளை வெளியிட்டார். 2000ஆம் ஆண்டில் மக்ஸ் ரெக்மார்க் இதனைக் கணித்துப் பார்த்து, மூளையின் வெம்மையிலும் ஈரத்திலும் அத்தகைய கலப்புநிலை ஒரு செக்கனைப் பத்து இலட்சம் கோடியாகப் பகுத்து வரும் நேரமளவுகூட நீடிப்பது அரிது என்றார். நரம்பின் ஒரு துடிப்புக்கோ மில்லிசெக்கன் அளவு நேரம் வேண்டும். பென்றோஸ் தரப்பினர் அக்கணிப்பை மறுத்துள்ளனர். இஃது ஆராயத்தக்க கருதுகோள்; நிறுவப்பட்ட உண்மையன்று. மாணவர் இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை என்றும் மறத்தலாகாது.

எங்கள் சாத்திரம் சொல்வது

இவ்வளவும் படித்தபின் எனக்கு ஒரு நாணம் எஞ்சியிருந்தது. விஞ்ஞானத்தைத்தான் பிழையாகச் சொன்னேன் என எண்ணியிருந்தேன். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தையும் அருணந்தி சிவாசாரியரின் சிவஞானசித்தியாரையும் மீண்டும் எடுத்துப் பார்த்தபொழுது, சைவ சித்தாந்தத்தையும் பிழையாகவே சொல்லியிருந்தேன் என்பது தெளிவாயிற்று.

"பார்ப்பவன் இல்லையேல் உலகம் இல்லை" என்பது சித்தாந்தத்தின் கொள்கையன்று. உலகம் மாயையிலிருந்து தோன்றியது, மாயையோ உள்பொருள். உயிர்கள் காணினும் காணாவிடினும் உலகம் உளது. புறவுலகம் என்பது அறிவின் தோற்றமே என்ற பௌத்த யோகாசாரரின் கொள்கையைச் சித்தியாரின் பரபக்கம் எடுத்து மறுக்கின்றது. எந்தக் கொள்கையை எங்கள் ஆசாரியர் மறுத்தாரோ, அதையே "எங்கள் முன்னோர் கண்டது" என்று பிள்ளையார் சந்நிதியிலே நான் முழங்கியிருக்கிறேன்!

மற்றொன்றும் அங்கே உண்டு. கண் முதலிய பொறிகள் மட்டுமன்றி, மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்களும் மாயையின் காரியங்களே; அவையும் சடமே. அவற்றைக் கருவியாகக் கொண்டு அறிகின்ற உயிரே சித்துப் பொருள். அவ்வுயிரும், கண்ணுக்குக் கதிரவன் ஒளி வேண்டுவதுபோல, இறைவன் உடனின்று அறிவித்தாலன்றி அறியாது. கருவி வேறு, அறிபவன் வேறு என்பதே இங்குப் பாலபாடம்.

"கருவிக்கு உணர்வு இருக்கோ?" என்று என் மாணவி கேட்டாள் அல்லவா? சாத்திரம் படியாத அச்சிறுமி, தான் அறியாமலே சித்தாந்தத்தின் வினாவைக் கேட்டிருந்தாள். சாத்திரம் படித்த நானோ கருவியையும் அறிபவனையும் ஒன்றாகக் குழப்பியிருந்தேன்.

இதனாற் சித்தாந்தம் அணுவிஞ்ஞானத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டது என நான் கூறவரவில்லை. அவ்வாறு கூறினால் ஒரு பிழையை விட்டு மற்றொரு பிழையில் வீழ்ந்தவனாவேன். அணு எவ்வாறு நடக்கின்றது என்பது பௌதிகத்தின் வினா. பரிசோதனையே அதற்கு நீதிபதி. "அறிகின்ற நான் யார்?" என்பது வேறொரு வினா. லேசர் ஒளியும் காபன் மூலக்கூறும் அதற்கு விடை சொல்ல வரவில்லை. அவ்வினாவை ஒவ்வொருவரும் தமக்குள்ளே நின்று கேட்கவேண்டும். அதன் பெருமை விஞ்ஞானிகளின் கையொப்பத்தால் வளர்வதுமில்லை. அக்கையொப்பம் இல்லாமையாற் குறைவதுமில்லை.

திருத்தம்

இவற்றையெல்லாம் மாணவிக்கு விளக்கினேன். "அப்ப அண்ணாவுக்கு நான் என்னத்தைக் காட்டிறது, சேர்?" என்று ஏமாற்றத்துடன் கேட்டாள். "நான் சொன்னது பிழை என்று காட்டு, பிள்ளை, ஏன் பிழை என்பதையும் காட்டு" என்றேன்.

அடுத்த ஆண்டுத் திருவிழாவிலே நானாகவே பத்து நிமிடம் கேட்டுப் பெற்றேன். சென்ற முறை நான் சொன்னது விஞ்ஞானத்துக்கும் பொருந்தாது, சித்தாந்தத்துக்கும் பொருந்தாது என ஒப்புக்கொண்டு, ஆச்சியின் கதையையும் கிளியின் கதையையும் சொன்னேன். இம்முறை ஆரவாரம் எழவில்லை. சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர்தாம் வாய்திறந்தார்:

"தம்பி, பிள்ளையாருக்கு நாங்கள் ஆரிட்டையும் போய் அத்தாட்சிப் பத்திரம் வாங்கிக் குடுக்க வேணுமோ? நீர் பிள்ளையளுக்குப் படிப்பைச் சரியாய்ச் சொல்லிக் குடும். அது காணும்."

சபை சிரித்தது, நானும் சிரித்தேன். வீதியின் ஓரத்திலே, கூட்டத்தோடு சேராமல், சைக்கிளைப் பிடித்தபடி ஓர் இளைஞன் நிற்பதை அப்பொழுதுதான் கண்டேன். மாணவியின் தமையன் அவன். கோவிலுக்குள் அவன் வரவில்லை. ஆயினும் பேச்சு முடியும்வரை நின்று கேட்டான். பின்னர் என்னிடம் வந்து, அந்தக் கோசைன் கணக்கை எழுதித் தரும்படி கேட்டு வாங்கிச் சென்றான்.

மாணவச் செல்வங்களே! பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் நாளில், இங்கே நாம் சொல்லியனுப்பிய ஒரு பொய்யை அங்கே நீங்கள் கண்டுகொண்டால், அதனோடு சேர்த்து நாம் சொன்ன மெய்களையும் எறிந்துவிடுவீர்கள். அக்குற்றம் உங்களுடையதன்று; எங்களுடையதே. ஆகவே, "விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று எவர் மேடையேறி முழங்கினாலும், அவர் உங்கள் ஆசிரியரே ஆயினும், என் மாணவி கேட்ட வினாவை எழுந்து நின்று பணிவோடு கேளுங்கள்: "பார்த்தது யார்? எதனாற் பார்த்தார்? எவ்வளவு கண்டார்?" விஞ்ஞானத்துக்கு அவ்வினா மரியாதையாகும். சமயத்துக்கும் அதனால் ஒரு குறைவும் வாராது.